கணக்கேடு யார் கையில்?
மேகக் கணிமைச் சேவையைத் தேர்ந்தெடுக்கும் முறை

(நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி, தொழில் தொடங்கியுள்ள இளைஞர்களுக்காகத் திருவண்ணாமலையில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் பெற்றோர் நம்மைப் படிக்க வைத்தபோது அவர்கள் கண்ட கனவு, பிள்ளை ஓர் அலுவலகத்தில் எழுத்தராகவோ பள்ளியில் ஆசிரியராகவோ அமர வேண்டும் என்பதுதான். அக்கனவு பெருமளவு நிறைவேறியது. இன்று இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களில் பலர் அதற்கு அடுத்த படியில் கால் வைத்திருக்கிறீர்கள். வாடகை வண்டித் தொழில், அச்சகம், இணையச் சேவை மையம், ஆரணிப் பட்டு விற்பனை, பால் கொள்முதல் என்று சொந்தத் தொழிலில் இறங்கியிருக்கிறீர்கள். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தின் கீழ், திட்ட மதிப்பில் 35 விழுக்காடு மானியம் பெற்றுத் தொழில் தொடங்க வழியும் திறந்திருக்கிறது. தொழில் என்று வந்தால் கணக்கு வரும். கணக்கு என்று வந்தால், அதை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். அக்கேள்வியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

மேகம் என்பது யாது?

‘கிளவுட்’ என்ற சொல்லை நாள்தோறும் கேட்கிறோம். தமிழில் மேகக் கணிமை என்கிறோம். பெயரைக் கேட்டு நம் கணக்குகள் வானத்தில் மிதப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். மேகம் என்பது தரையில் கட்டப்பட்ட ஒரு கட்டடம். அதற்குள் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றைக் குளிர்விக்க இயந்திரங்களும், மின்சாரம் நின்றால் தாங்க மின்னாக்கிகளும் உண்டு. அக்கணிப்பொறிகளில் ஒரு பங்கை நாம் இணையத்தின் வழியே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். மேகம் என்பது இவ்வளவுதான்.

அமேசான் நிறுவனம் 2006-இல் இந்த வாடகைத் தொழிலைப் பெரிய அளவில் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, சென்னை, மும்பை ஆகிய மூன்று இடங்களில் தன் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016-இல் மும்பைக்கும், 2022-இல் ஐதராபாத்துக்கும் வந்தது. கூகுள் 2017-இல் மும்பையிலும், 2021-இல் தில்லியிலும் தொடங்கியது. இவையன்றி இந்திய நிறுவனங்களும் பல இருக்கின்றன. கடைகள் பெருகினால் வாங்குபவனுக்கு நன்மைதான். ஆனால் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவனுக்கே அந்நன்மை கிட்டும்.

இச்சேவை மூன்று வகைப்படும். காலி மனையை வாடகைக்கு எடுத்து நாமே கொட்டகை போட்டுக்கொள்வது ஒன்று. இதில் வெறும் கணிப்பொறியும் சேமிப்பிடமும் கிடைக்கும். மற்ற பொறுப்பெல்லாம் நம்முடையது. கட்டிய கடையை வாடகைக்கு எடுத்துச் சரக்கை மட்டும் நாம் அடுக்குவது இரண்டாவது. இதில் மென்பொருளை எழுதி ஓட்டுவதற்கான மேடையைச் சேவையாளரே பராமரிப்பார். மூன்றாவது, உணவு விடுதியில் அமர்ந்து இலையில் பரிமாறியதை உண்பது போன்றது. கணக்கு எழுதும் மென்பொருள், மின்னஞ்சல், பட்டியல் போடும் வசதி ஆகியவை ஆயத்தமாகவே கிடைக்கும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் தருவது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகை.

சிறு தொழில் செய்யும் நம்மில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மூன்றாம் வகையே போதும். ஒரே கடை, ஒரே கணிப்பொறி, நாளுக்கு நாற்பது பற்றுச்சீட்டு என்றிருப்பவர் முதல் வகையில் இறங்கினால், ஒரு குவளைத் தேநீருக்காகத் தேயிலைத் தோட்டம் வாங்கிய கதையாகிவிடும். ஆகவே எந்த நிறுவனம் சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், எனக்கு என்ன தேவை என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் கற்பிக்கும் பாடம்

மேகக் கணிமையின் தனிச் சிறப்பு எது என்பதை நூல்களில் தேட வேண்டியதில்லை. கார்த்திகை தீபத்தன்று நம் ஊரைப் பார்த்தாலே போதும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் மனிதத் தலைகள். அந்த ஒரு நாளுக்காக யாரும் நிரந்தரப் பேருந்து நிலையங்களைக் கட்டுவதில்லை. ஊரைச் சுற்றித் தற்காலிகப் பேருந்து நிலையங்களை அமைக்கிறார்கள். கூட்டம் கலைந்ததும் எடுத்துவிடுகிறார்கள். தேவை பெருகும்போது விரிவதும் குறையும்போது சுருங்குவதும்தான் மேகத்தின் பண்பு.

பௌர்ணமிதோறும் அறை முன்பதிவு செய்து தரும் தொழிலை நம் பிள்ளைகள் நடத்துகிறார்கள் என்று கொள்வோம். மாதத்தில் இருபத்தெட்டு நாள் அமைதி. இரண்டு நாள் நெரிசல். அந்த இரண்டு நாளுக்காகப் பெரிய கணிப்பொறியை வாங்கி வைப்பது வீண். வேண்டிய இரண்டு நாளுக்கு மட்டும் கூடுதலாக வாடகைக்கு எடுத்துக்கொண்டால் போதும். இவர்களுக்கு மேகம் உண்மையிலேயே கைகொடுக்கும்.

கர்ணத்தின் ஏடும் நமது ஏடும்

நண்பர்களே, நன்மையைச் சொன்னேன். இனி என் உரையின் நடுப்பொருளுக்கு வருகிறேன்.

இங்கே அமர்ந்திருக்கும் முதியவர்களைக் கேளுங்கள். ஒரு காலத்தில் ஊர்க் கணக்கு கர்ணத்தின் வீட்டில் இருந்தது. நிலம் யார் பேரில் இருக்கிறது, எவ்வளவு வரி, எந்த எல்லை என்பவையெல்லாம் அவர் ஏட்டில் இருந்தன. உழுதவன் அந்த ஏட்டைப் பார்த்ததில்லை. பார்த்தாலும் படிக்கத் தெரியாது. 1892-இல் நம் மக்களுக்கென்று ஒதுக்க ஆணையிடப்பட்ட பஞ்சமி நிலங்களில் எத்தனையோ ஏக்கர் எப்படிக் கை மாறின என்பது நாம் அறியாததன்று. பரம்பரைக் கர்ணம் பதவி 1980 நவம்பரில் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டது. பதவி ஒழிந்தாலும் பாடம் ஒழியவில்லை. கணக்கேடு யார் கையில் இருக்கிறதோ, அவர் தயவில்தான் மற்றவன் வாழ வேண்டியிருக்கும்.

மேகச் சேவையாளர்களை நான் பகைவர்களாகக் காட்டவில்லை. அவர்கள் வணிகர்கள், பணம் வாங்கிச் சேவை தருகிறார்கள். ஆனால் நமது வரவு செலவு, வாடிக்கையாளர் பட்டியல், கடன் நிலுவை அனைத்தும் அவர்கள் கட்டடத்தில் இருக்கும்போது, அவற்றை நாம் நினைத்த நேரத்தில் முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்பதுதான் முதற் கேள்வி.

இதை நான் பட்டு அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் இரு நண்பர்களும் ஒரு சிறிய விற்பனைத் தொழில் நடத்தினோம். மலிவான மாதக் கட்டணம் என்று ஒரு கணக்கு எழுதும் சேவையில் சேர்ந்தோம். மூன்று ஆண்டு சென்றபின் கட்டணத்தை இரட்டிப்பாக்கினார்கள். வேறிடம் போகலாம் என்று முடிவு செய்தபோதுதான் உண்மை விளங்கிற்று. எங்கள் கணக்கை அச்சிட்டுப் பார்க்கலாமே தவிர, வேறொரு மென்பொருள் படிக்கக்கூடிய கோப்பாக எடுக்க வழியில்லை. மூன்று பேரும் பல இரவுகள் கண்விழித்து, ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்தோம். குற்றம் அவர்களுடையது மட்டுமன்று. சேரும் நாளில் அக்கேள்வியைக் கேட்காதது எங்கள் குற்றம்.

கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

முதற் கேள்வி: வெளியேறும் வழி எது? பொதுவான கோப்பு வடிவத்தில் எல்லாத் தரவையும் எடுக்க முடியுமா? அதற்குக் கட்டணம் உண்டா? கணக்கை மூடியபின் எத்தனை நாள் வரை தரவை வைத்திருப்பீர்கள்? இம்மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். தரவை உள்ளே ஏற்றுவதற்குக் கட்டணம் இராது. வெளியே எடுப்பதற்குக் கட்டணம் இருப்பதே இத்தொழிலின் வழக்கம். 2024-இன் தொடக்க மாதங்களில் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும், ஒரேயடியாக வெளியேறிச் செல்லும் வாடிக்கையாளர்களுக்கு அக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. அதற்கும் நிபந்தனைகள் உண்டு, படித்துப் பாருங்கள்.

இரண்டாம் கேள்வி: காப்பு நகல் எங்கே இருக்கிறது? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்து அழிந்தது. காப்பு நகலையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் மீட்க வழியின்றி நின்றார்கள். இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2024 மே மாதத்தில், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் கணக்கு, அமைப்புப் பிழையொன்றால் கூகுள் மேகத்திலிருந்து நீங்கிவிட்டது. ஒரு வாரத்துக்கும் மேல் சேவை நின்றது. ஆயினும் மற்றொரு சேவையாளரிடமும் அவர்கள் நகல் வைத்திருந்ததனால் மீண்டார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது இத்துறையினரின் பழைய விதி. 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் நம் மலையே சரிந்து ஏழு உயிர்களைப் பறித்தது. அவ்வுயிர்களுக்கு ஈடில்லை. அப்பேரிடரைக் கண்ட நமக்கு, எல்லா ஏட்டையும் ஒரே கூரையின் கீழ் வைப்பது எவ்வளவு ஆபத்தானது என்று வேறொருவர் சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் கேள்வி: ஓராண்டு மொத்தச் செலவு எவ்வளவு? மேகத்தில் மின்சார அளவி போல ஓர் அளவி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கணிப்பொறிக்கு மணிக்கு ஐந்து ரூபாய் என்று கொள்வோம். நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் 26 நாள் ஓட்டினால் 208 மணி, 1,040 ரூபாய். அணைக்க மறந்து மாதம் முழுவதும் ஓடவிட்டால் 720 மணி, 3,600 ரூபாய். அணைத்தபின்னும் சேமிப்பிடத்துக்கு வாடகை உண்டு. அதன் மேல் 18 விழுக்காடு சரக்கு, சேவை வரி. விலை டாலரில் குறிக்கப்பட்டிருந்தால் ரூபாய் மதிப்பு சரியும்போது நம் செலவு ஏறும். முதலில் தரும் இலவசச் சலுகை முடிந்தபின் என்ன விலை என்பதையே பாருங்கள். செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கும் வசதியை முதல் நாளே அமைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் கேள்வி: தடையின்றி ஓடும் என்பதற்கு என்ன உறுதி? ‘99.9 விழுக்காடு’ என்று விளம்பரத்தில் காண்பீர்கள். முப்பது நாள் மாதத்தில் 43 நிமிடம் நின்றாலும் அந்த உறுதி பொய்க்கவில்லை என்று பொருள். 99.99 என்றால் சுமார் நான்கு நிமிடம். 99 என்றால் ஏழு மணி நேரத்துக்கும் மேல். அந்த ஏழு மணி நேரம் பௌர்ணமி இரவில் வந்தால் உங்கள் தொழில் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். உறுதி தவறினாலும் அவர்கள் தருவது பெரும்பாலும் அடுத்த மாதக் கட்டணத்தில் ஒரு கழிவுதான்; நீங்கள் இழந்த வியாபாரத்துக்கு ஈடு தருவதில்லை.

ஐந்தாம் கேள்வி: பாதுகாப்பில் யார் பொறுப்பு எதுவரை? கட்டடத்தையும் இயந்திரத்தையும் காப்பது அவர் கடமை. கடவுச்சொல்லைக் காப்பதும், யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுப்பதும் நம் கடமை. கடைப் பையன் முதல் உரிமையாளர் வரை ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். கைப்பேசிக்கு வரும் இரண்டாம் உறுதி எண் இல்லாமல் எவரும் நுழையக்கூடாது. 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை அளித்துவந்த சீ-எட்ஜ் நிறுவனம், கோப்புகளைப் பூட்டிவிட்டு மீட்புப் பணம் கேட்கும் நச்சு நிரலின் தாக்குதலுக்கு ஆளானது. நாடெங்கும் சுமார் முந்நூறு சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. அவ்வங்கிகளில் கணக்கு வைத்திருந்த எளிய மக்கள் என்ன பிழை செய்தார்கள்? ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் வீட்டில் பற்றிய தீ முந்நூறு வீட்டு அடுப்பை அணைத்தது. சேவையாளர் தணிக்கைச் சான்று பெற்றவரா, மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் பட்டியலில் உள்ளவரா என்று விசாரிப்பது இதனால்தான்.

ஆறாம் கேள்வி: எந்த நாட்டுச் சட்டம், யாரிடம் முறையீடு? 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின்மீது தடை விதித்தது. அதைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்துக்கான சேவைகளை நிறுத்தியது. கட்டணம் முழுமையாகச் செலுத்தியிருந்தும் தன் தரவையே தான் அணுக முடியவில்லை என்று நயாரா தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. அம்மாத இறுதியில் சேவை திரும்பியது. அவர்களால் வழக்கறிஞரை அமர்த்த முடிந்தது, நம்மால் இயலுமா? ஆகவே தரவு இந்தியாவில் இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், வழக்கு எழுந்தால் எந்த ஊர் நீதிமன்றம், தொல்லை நேர்ந்தால் இரவில் அழைக்க எண் உண்டா, தமிழில் பேசுவார்களா என்பதையும் கேளுங்கள். தமிழில் கேட்பது தாழ்வன்று. பணம் கொடுப்பவன் தனக்குப் புரியும் மொழியில் விளக்கம் பெறுவது அவன் உரிமை.

மதிப்பெண் இடும் முறை

ஆறு கேள்விக்கும் விடை பெற்றபின் எப்படி முடிவு செய்வது? தேர்வுத்தாள் திருத்துவது போலச் செய்யுங்கள். மூன்று சேவையாளர்களை எடுத்துக்கொண்டு நூறு மதிப்பெண்ணுக்குத் திருத்துங்கள். வெளியேறும் வழிக்கு 25, காப்பு நகலுக்கும் பாதுகாப்புக்கும் 25, ஓராண்டுச் செலவுக்கு 20, தடையின்மைக்கு 15, சட்டத்துக்கும் உதவிக்கும் 15. உங்கள் தொழிலுக்கேற்ப இப்பங்கீட்டை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே பங்கீட்டை எழுதிவிட வேண்டும். பார்த்தபின் எழுதினால் மலிவானதற்கு மனம் சாய்ந்துவிடும்.

ஒரு விதியை மட்டும் மாற்றாதீர்கள். வெளியேறும் வழியில் சுழியம் வாங்கியவர் மற்றவற்றில் முழு மதிப்பெண் பெற்றாலும் தேர்ச்சியில்லை.

தேர்ந்தெடுத்த பின்னும் உடனே முழுக் கணக்கையும் ஏற்றிவிடாதீர்கள். ஒரு மாதக் கணக்கை மட்டும் ஏற்றுங்கள். பிறகு அதை முழுமையாக வெளியே எடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து, கூட்டுத்தொகை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனையில் தேறினால் மேற்செல்லுங்கள். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். மீட்டுப் பார்க்காத காப்பு நகல், திறந்து பார்க்காத உண்டியல் போன்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நமது சங்கத்தின் ஏடுகள்

இறுதியாக நம் வீட்டு விஷயம் ஒன்று. இது போன்ற சங்கங்களில் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் ஆகியவை சேர்கின்றன. அவை எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் யாரோ ஒரு தன்னார்வத் தொண்டரின் சொந்த மின்னஞ்சலில். அவர் நல்லவர்தாம், ஆனால் அவர் கைப்பேசி தொலைந்தால்? வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டால்? ஒரு பிள்ளையின் சாதிச் சான்று வேண்டாதவர் கண்ணில் பட்டால் அதன் விளைவை அப்பிள்ளைதான் சுமக்கும். நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

2023-இல் நாடாளுமன்றம் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முதன்மையான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதத்துக்குப் பின் நடைமுறைக்கு வரும் என்று அவை கூறுகின்றன. பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஒரு கூறு. சட்டம் வந்து கதவைத் தட்டும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? நமது சங்கம் தன் பெயரிலேயே ஒரு கணக்கைத் தொடங்கி, இரு பொறுப்பாளர்கள் மட்டும் திறக்கத்தக்கதாக ஏடுகளை அதில் வைத்து, தேவை முடிந்தவற்றை அழித்துவிடும் முறையை இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே மேற்கொள்ள வேண்டும் என்று பொறுப்பாளர்களை வேண்டிக்கொள்கிறேன். அப்பணியை இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களிடம் ஒப்படையுங்கள். இன்று சங்கத்துக்காக இச்சேவைகளை ஒப்பிட்டு மதிப்பெண் இடக் கற்றவர்கள், நாளை நம் ஊர்க் கடைக்காரர்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஆலோசனை சொல்லிப் பொருளீட்டவும் முடியும்.

அன்புக்குரிய இளைஞர்களே! ஏட்டைப் பார்க்கவே உரிமையற்றிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்கு எழுத்துக் கிடைத்தது, கணக்குக் கிடைத்தது, இன்று கணிப்பொறியும் கிடைத்திருக்கிறது. நமது ஏட்டைப் பிறர் கட்டடத்தில் வைக்கலாம், வாடகை கொடுத்து வைக்கலாம், தவறில்லை. ஆனால் அதன் சாவி நம் மடியில் இருக்க வேண்டும். நாம் கேட்ட அன்றே அது நம் கைக்குத் திரும்ப வேண்டும். அவ்வாறு உறுதி தருபவரைத் தேர்ந்தெடுங்கள். தர மறுப்பவர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வணக்கம் கூறி விலகுங்கள்.